வலி இல்லை என்று சொல்லிக்கொடுத்தவள்

அக்கா,

இன்று காலை நம் கம்பெனி சாப்பாட்டு அறையில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். இடுப்பில் கைவைத்தபடி ஒரு பெண் சிரிக்கிறாள். அவள் சிரிப்பைப் பார்த்தால் இடுப்பு வலி ஏதோ புதிதாக வந்த பற்பசை என்று தோன்றும். "உங்கள் வலியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று தமிழில் பெரிதாகவும் இந்தியில் சிறிதாகவும் எழுதியிருக்கிறது. கீழே பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. சாவி மேலாளரிடம். எழுதிப் போடும் சீட்டில் பெயர், பிரிவு, டோக்கன் எண் மூன்றும் கட்டாயம். ரகசியம் காக்கப்படும் என்றும் அதே சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள்.

பசை காயாத அந்தச் சுவரின் முன்னால் தட்டோடு நின்றபோது உங்கள் நினைவு வந்தது. நினைவு என்று நாகரிகமாகச் சொல்கிறேன். வந்தது கோபம். கம்பெனிமேல் பாதி, என்மேல் பாதி. உங்கள்மேலும் கொஞ்சம் உண்டு; அதை மறைத்து எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நாம் அறிமுகமானது துணிக் கிடங்கில். எனக்கு அப்போது முதுகில் டிஸ்க் விலகி மூன்று வருடம். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து இடது குதிகால்வரை யாரோ கம்பியைக் கோத்து இழுப்பதுபோல் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் கிடங்குக்குள் நழுவி, அடுக்கிவைத்திருந்த துணி ரோல்மேல் படுக்கப் போனேன்.

"ஏட்டி, அது என் ரோலு" என்றது இருட்டிலிருந்து ஒரு குரல். "நீ அங்கன லைக்ரா மேல படு. மெத்துன்னு இருக்கும். என் கழுத்துக்குக் காட்டன்தான் சரி."

"துணி மேல படுக்கக் கூடாதுங்க" என்றேன், பதவியின் குரலில்.

"செரி. நீ எதுக்கு வந்த?"

லைக்ராமேல் படுத்தேன். நீங்கள் சொன்னது சரி, மெத்தென்றுதான் இருந்தது.

என் பதவியின் பெயர் தொழிலாளர் நல அலுவலர். நலம் என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை என்னவென்று மட்டும் சொன்னார்கள். நம் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் தணிக்கைக்கு வருமுன், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். நீங்கள் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்து, முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் குனிந்து குனிந்து, கழுத்தில் பிடித்த வலி வலது கை விரல்வரை இறங்கியிருந்தது.

எனக்கு அதுவரை ஆலோசனைக்குக் குறைவே இருந்ததில்லை. மாமியார் கொள்ளுத் தண்ணீர் சொன்னார். பல்லடம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நாட்டுக்கோழி முட்டை சொன்னார். தான் வளர்ப்பது பிராய்லர் என்பதையும் நேர்மையாகச் சொன்னார். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் சித்தப்பா ஒரு டின் தேங்காய் எண்ணெய் அனுப்பினார். எங்கே தடவ வேண்டும் என்று கேட்டதற்கு, அது சமையலுக்கு என்றார். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த வயசுக்கு இதெல்லாம் இருக்கத்தாங்க செய்யும்" என்றார். எனக்கு அப்போது முப்பத்து நான்கு. என் கணவர் நல்லவர். முதல் வருடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டார். இரண்டாம் வருடம் "இன்னுமா?" என்றார். மூன்றாம் வருடம் அதையும் கேட்பதை விட்டுவிட்டார்.

நீங்கள் மட்டும்தான் அக்கா, "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டவர். நேற்றைப் பற்றியும் கேட்கவில்லை, எப்போது சரியாகும் என்றும் கேட்கவில்லை.

கிடங்கில் இருவராக இருந்தது ஐந்து பேராக ஆனது. செக்கிங்கில் இரண்டு பெண்கள். தோள் இறங்கிப்போன அயர்ன் மாஸ்டர். அவர்தான் நமக்கு மருந்துக்கடை. காலர் தைக்க வரும் ரிப் துணியில் நீங்கள் நீளமாக ஒரு பை தைத்து, கல் உப்பை நிரப்பி முடிச்சுப் போட்டுத் தருவீர்கள். அவர் அதை அயர்ன் மேசையில் வைத்துச் சூடாக்கித் தருவார். இடைவேளையின் கடைசிக் கால்மணி நேரம், ஆளுக்கொரு உப்புப் பையை வலிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கோழி அடைகாப்பதுபோல் இருந்திருக்கும்.

விதி ஒன்றுதான். நீங்கள் போட்டது. "யாரும் மருந்து சொல்லப்படாது. எங்க வலிக்குன்னு கேக்கணும். கேட்டுட்டு வாய மூடணும்."

முதல் நாள் என் முறை வந்தபோது, "இடுப்புல கொஞ்சம் வலிக்குதுங்க" என்றேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "வலிக்கு எதுக்குட்டி மரியாத? நீ இப்படிச் சொன்னா டாக்டரு 'பரவாயில்லைங்க'ன்னுதான் சொல்லுவாரு." அயர்ன் மாஸ்டர் தோள் வலியை மறந்து சிரித்து, அப்புறம் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் வலியை ஒருவர் நம்பினார். நான்கு பேர் நம்பினார்கள். வலி குறையவில்லை. ஆனால் வலியோடு சேர்த்து நான் சுமந்துகொண்டிருந்த இன்னொன்று, "ஒருவேளை பொய் சொல்கிறேனோ" என்பது, அன்றோடு போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு மணி டீயோடு சூப்பர்வைசர் ஒரு வலி மாத்திரை தருவார். கம்பெனியில் கேட்காமலே கிடைத்த பொருள் அது ஒன்றுதான். நீங்கள் அதை வாங்கி டீயோடு விழுங்கிவிட்டு மெஷினுக்குப் போவீர்கள்.

தணிக்கை வந்தது. கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து முதுகு சாயும் நாற்காலிகள் லாரியில் வந்து இறங்கின. சிலவற்றின் காலில் சந்தனம் காய்ந்திருந்தது. நான் கரும்பலகை முன்னால் நின்று பாடம் எடுத்தேன். "வேலையால் உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டால்?" எல்லோரும் சேர்ந்து, "இல்லை" என்றார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். இடது கையை, வலது தூக்க வராது.

"ஒரு சந்தேகம் மேடம். வலி இல்லன்னு உக்காந்துகிட்டு சொல்லணுமா, நின்னுகிட்டு சொல்லணுமா? உக்காந்துட்டா எனக்கு எந்திரிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று உப்புப் பைகளுக்கு நடுவில் நீங்கள் சிரிக்கவில்லை. "இந்தத் தடவ உள்ளதச் சொல்லுவோம். அஞ்சு பேரும் ஒண்ணு போலச் சொன்னா ஒருத்தர விரட்ட முடியாது. சாய ஒரு நாற்காலி, மணிக்கு அஞ்சு நிமிசம் நிக்க நேரம். வேற ஒண்ணும் வேண்டாம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தணிக்கைக்கு வருகிறவர் பெங்களூர்க்காரர், தமிழ் தெரியாது. தொழிலாளர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லப்போவது நான்தான். அந்தப் பேட்டிக்கு ரகசியப் பேட்டி என்று பெயர். நான் தலையை ஆட்டினேன். இடுப்பில் உங்கள் உப்புப் பை சூடாக இருந்தது.

மறுநாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. நம் ஊரில் மிரட்டுவது மரியாதைக் குறைவு. "எல்லாம் நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியுமுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதலில் உங்களைக் கூப்பிட்டார்கள். வாடகை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தீர்கள். தணிக்கையாளர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்:

"கழுத்துல தொடங்கி விரல் நுனி வரைக்கும் எரியுது. சாயங்காலம் கத்திரி பிடிக்க முடியல. காலைல எந்திரிச்சா இது என் கைதானான்னு தொட்டுப் பாக்க வேண்டிருக்கு. சாய ஒரு நாற்காலியும், மணிக்கு அஞ்சு நிமிசமும் தந்தாப் போதும். இப்ப நான் இருக்கிற நாற்காலி நேத்து வந்தது, நாளைக்கு எவிய கல்யாணத்துக்கோ போயிரும். இத நம்பாதீய."

தணிக்கையாளர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் யாரிடமோ செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்சம் களைப்பு இருக்கிறதாம், மற்றபடி வேலை பிடித்திருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான் அவ்வளவு நீளமாச் சொன்னேன். இங்கிலீசுல இவ்வளவுதானா, மேடம்?"

தனியாக இருக்கும்போது என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவீர்கள். அந்த மேடம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்த மற்ற மூவரும் உள்ளே போய், நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதையே சொன்னார்கள். கம்பெனி நல்ல மதிப்பெண்ணில் தேறியது.

சாயங்காலம் மேலாளர், "அந்தக்கா நெறயப் பேசுனாப்புல இருந்துச்சுங்களே?" என்று கேட்டார். அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா. இதை நான் இதுவரை எழுதியதில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது அத்தனை சுருங்கிய பேச்சு, தமிழிலிருந்து தமிழுக்குப் போகும்போது ஒரு சொல்கூடக் குறையவில்லை. அந்த வாரக் கடைசியில் அவர் உங்களிடம், "ஒடம்பு முடியாம எதுக்குங்க கஷ்டப்படறீங்க, ஊட்ல ரெஸ்ட் எடுங்க, வேலை இருந்தா கூப்பிடறமுங்க" என்றார். கூப்பிடவே இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு உங்கள் லைன் வீட்டுக்கு வந்தேன். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தீர்கள். நான் வாசலில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மன்னிப்புக் கேக்க வந்தியாக்கும்? கேட்டுக்கோ. நான் தர மாட்டேன்" என்றீர்கள். பாயை விரித்தீர்கள். "நிக்காத, படு. இன்னைக்கு இடுப்பு எப்படி?"

நான் கேட்கவில்லை. படுத்தேன். இடுப்பைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு மற்ற மூவரும் வந்தார்கள். இரண்டு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல், அந்த ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்துக் கிடந்தோம். நீங்கள் எனக்கு மன்னிப்பும் தரவில்லை, எனக்கு மட்டும் சூடு குறைந்த பையும் தரவில்லை.

அப்போது வீட்டிலிருந்தே பனியனில் பிசிறு வெட்டும் வேலை பார்த்தீர்கள். ஜன்னலில் மாத்திரை அட்டைகள் சீட்டுக்கட்டுபோல் அடுக்கியிருந்தன. நாலு மணிக்கு ஒன்று என்பது காலை, மதியம், இரவு என்று ஆகியிருந்தது. கால் வீங்கியது. நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை. மருந்து சொல்லக் கூடாது என்பது விதி. மாத்திரையை நிறுத்துங்கள் என்பதும் மருந்து சொல்வதில் சேருமா என்று நான் ஒரு ஞாயிறு யோசித்தேன். சேரும் என்று முடிவு செய்தேன். பேச வேண்டிய இடத்தில் சுருக்குவதும் வாயை மூடுவதும் எனக்கு எப்போதுமே நன்றாக வரும். உங்கள்மேல் எனக்குக் கோபம் என்று சொன்னது இதற்குத்தான். நம்பிக்கையாக ஒரு விதி போட்டீர்கள். அதை எப்போது மீற வேண்டும் என்று சொல்லவில்லை.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று, உங்களை ஊருக்குக் கூட்டிப்போன உங்கள் கணவர் அங்கிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த அழைப்பு வர அதிக நாளாகவில்லை. கம்பெனியில் மேலாளர் என்னிடம் துக்கம் விசாரித்தார். "தங்கமான அக்காங்க. ஒரு நாளாச்சும் வலின்னு வாயத் தொறந்திருப்பாங்களா?" என்றார். கிண்டல் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குள் அவர் உண்மையிலேயே அப்படி நம்பத் தொடங்கியிருந்தார்.

நான் ஏன் இன்னும் அங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். வேறெங்கும் நடுவில் எழுந்து நிற்க விடுகிற மேசை வேலை கிடைக்கவில்லை. இது காரணம்தான், நியாயம் இல்லை. ஞாயிறுகள் இப்போது என் வீட்டில். ஏழு பேர். ஒருத்தி ஒரிசாக்காரி. மாத்திரை அட்டையைப் பார்த்தால் நான் வாயைத் திறக்கிறேன். உங்கள் விதி உடைகிறது. உடையட்டும்.

இன்று மதியம் மேலாளர் என் அறைக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. சுவரில் கையை ஊன்றி நின்றார். "ஏனுங்க, ரெண்டு மாசமா இந்த இடுப்பு... காலு வரைக்கும் இழுக்குதுங்க. டாக்டரு ஒண்ணுமில்லைங்கறாரு. ஊட்ல யாரும் நம்பறதில்லீங்க. நீங்க இத்தன வருசமா எப்படிங்க..."

அவரிடம் சொல்வதற்கு என்னிடம் பல வருடமாகத் தீட்டிவைத்த வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் அருமையானவை. வாயைத் திறந்தேன்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

சொன்னார். கால்மணி நேரம் சொன்னார். நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வலி உண்மை, அக்கா. எனக்குத் தெரிந்த வலி அது, அச்சு மாறாமல் அதேதான். நம்பாமல் இருக்க முடியவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. கடைசியில் அதையும் அவரிடம் சொன்னேன், உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை முழுவதுமாகச் சொல்லி. இத்தனை வருடமாக எப்படி என்று கேட்டாரே, அதற்கு ஞாயிறுகளைப் பற்றியும் சொன்னேன். அவர், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மூன்று மணிக்கு என்றேன். சொல்லும்போதும் கோபம் குறையவில்லை.