பூசினாற்போல்

பிப்ரவரி 3

அம்மா போனபின் என் கல்யாணத்தைச் சித்தி குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். இன்று போனில் யாரிடமோ, "பொண்ணு பூசினாப்ல இருப்பா" என்றாள். நான் அடுத்த அறையில் பட்டன் சேராத சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பூசினாற்போல் என்றால் எலும்பு தெரியாமல் மேலாக ஒரு பூச்சு. எனக்கு நடந்திருப்பது பூச்சு வேலை இல்லை, மாடியே எழும்பியிருக்கிறது.

பிப்ரவரி 4

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் எடை மெஷின். ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள், சிலர் மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒல்லி என்று சத்தமாகச் சொல்கிற ஊர், குண்டு என்றால் மட்டும் குரலைத் தாழ்த்துகிறது. என்ன, யாராவது செத்துப்போய்விட்டார்களா?

பிப்ரவரி 9

சித்தியோடு சண்டை. இதற்குமுன் இரண்டு பேர் 'பூசினாப்ல' என்ற வார்த்தையை நம்பி வந்து, என்னைப் பார்த்ததும் டீ ஆறுமுன்னே கிளம்பினார்கள். குண்டு என்றே சொல்லிவிடு, வருகிறவன் வரட்டும் என்றேன்.

"குண்டுன்னா போனையே வெச்சிடுவாங்கடி. நேர்ல வந்தாத்தானே உன் சிரிப்பைப் பாப்பாங்க" என்றாள்.

என் மேல இருக்கிற பாசத்துலதான் சொல்றா. அதான் இன்னும் எரியுது.

பிப்ரவரி 10

அடுத்து வருகிறவர் கட்டட கான்ட்ராக்டர். ஆள் வாட்டசாட்டமாம், சித்திக்கு வந்த தகவல். நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். நான் பூசினாப்லெல்லாம் இல்லைங்க, குண்டு என்றேன்.

"நல்லதாப் போச்சுங்க. எங்க தொழில்ல, புதுசா பூசியிருந்தா உள்ள விரிசல் இருக்குன்னு அர்த்தம்."

சிரித்துத் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் சந்திப்பு.

பிப்ரவரி 15

வாட்டசாட்டமான ஆளைத் தேடிக் கடை முழுக்கக் கண்ணை ஓட்டினேன். என் தோள் உயரத்தில் ஒருவர் எழுந்து வணக்கம் சொன்னார். என் முகம் தொங்கிப்போனது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"வாட்டசாட்டம்னு எங்கம்மா சொல்லியிருப்பாங்க. நீங்க போன்ல உண்மையைச் சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கணும். தைரியம் வரல" என்றார்.

காபி ஆறுமுன்னே கிளம்பிவந்துவிட்டேன்.

பிப்ரவரி 16

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். காரணம்? குள்ளம்.

அப்ப, என்னைப் பாத்துட்டு ஓடின அந்த ரெண்டு பேருக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்? ச்சே.

பிப்ரவரி 17

போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு காபிக்குக் கூப்பிட்டேன். இந்த முறை பில் உங்களோடது என்றார்.

பிப்ரவரி 22

கடைப்பையன் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்தோம். அவ்வளவு பேச எனக்குள் இருந்ததா?

மார்ச் 3

மருந்துக்கடையில் கேஷியர் அக்கா வாயைக் கிளறினாள். ஆள் எப்படி, குள்ளமாமே என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"யாரு சொன்னா? கச்சிதமா இருப்பாரு" என்றேன்.