கட்டிலில் தொங்கும் சிவப்பு அட்டை

ஒரகடம்
ஞாயிறு, சாப்பாட்டுக்கு அப்புறம்

என் கண்ணே ஸ்ரீமதி,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கக் குன்றத்தூர் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். கூச்சம் எதற்கு என்று கேட்பாய். வேறு யாராவது வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கம்பெனி ஃபேமிலி டேயில், அத்தனை பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, நான் எழுதிய கதை ஒன்றை வாசித்து உன் அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார், பாவம், கதை யாரைப் பற்றி என்று பாதி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மூல காரணம் நீதான். போன வருஷம் ஒரு நாள், கன்டெய்னர் லாரி நம் வாசலை அடைத்து நிற்பதையும் விடிவதற்குள் கம்பெனி பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்வதையும் ஃபோனில் சொல்லிக்கொண்டே போனேனா, நீ, அம்மா இதையெல்லாம் எங்கிட்ட சொல்றதுக்குப் பதிலா எழுதி வையேன், கதை மாதிரி இருக்கும் என்றாய். தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னாய் என்பது எனக்குத் தெரியாதா, தெரியும், இருந்தாலும் எழுதினேன். அதில் ஒரு வேடிக்கை பார், காலையில் பல்லைக் கடிக்க வைத்த சமாச்சாரம் மதியம் எழுத உட்கார்ந்தால் சிரிப்பாக வருகிறது. லாரிக்காரனை நாலு கிழி கிழிக்கலாம் என்றுதான் தொடங்குவேன், அதற்கு அவன் எந்த ஊர், ஏன் வண்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பு வைத்துப் பொங்கித் தின்கிறான் என்று யோசிக்க வேண்டியிருக்கும், மூன்றாவது பக்கத்தில் பார்த்தால் நானே அவனுக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பேன். கதையில்தான். நிஜத்தில் வண்டியை எடுடா என்று இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது அப்பாவைக் கம்பெனியில் ஃபைவ் எஸ் கமிட்டியில் போட்டார்கள். எந்தச் சாமானுக்கு எது இடமோ அங்கேதான் இருக்க வேண்டும், உபயோகத்தில் இல்லாததற்குச் சிவப்பு அட்டை கட்ட வேண்டும், ஒரு மாதத்துக்குள் சொந்தக்காரர் வந்து கேட்காவிட்டால் வெளியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அந்த வேதம். மனிதர் அதை அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாதா? அடுக்களைத் தரையில் கிரைண்டருக்கும் சிலிண்டருக்கும் மஞ்சள் டேப்பில் கட்டம் போட்டார், சுவரில் ஒவ்வொரு கரண்டியின் உருவத்தையும் மார்க்கரில் வரைந்தார், நான் ஜல்லிக்கரண்டியின் படத்தில் தோசைத் திருப்பியை மாட்டிவிட்டால் போலீஸ் மாதிரி வந்து நிற்பார். என் கல்யாணப் புடவைக்குச் சிவப்பு அட்டை, புட்டுக் குழாய்க்குச் சிவப்பு அட்டை. பக்கத்து மளிகைக் கடை சந்திரம்மாள் வந்து பார்த்துவிட்டு, இன்னா மஞ்சு, சும்மா குந்திக்கினு இருக்காத, உனுக்கும் ஒரு அட்டை கட்டிடப் போறாரு என்றாள்.

எரிச்சல் தாங்காமல் அதையும் எழுதினேன், அதைத்தான் ஃபேமிலி டேயில் வாசித்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மீசையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அவர் நாளெல்லாம் கம்பெனி லைனில் கத்துகிற, எங்க எடுத்தியோ அங்க வை என்ற வசனத்தை மாற்ற மறந்துவிட்டேனடி. நான் எங்க எடுத்தியோ என்றதும் பின்னால் இருந்த லைன் பையன்கள் எல்லாரும் ஒரே குரலில் அங்க வை என்று கூவி அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கைதட்டலை நிறுத்தினார். சிரிக்காத ஒரே ஆள் பெரிய ஆபீசர். அவர் மேடைக்கு வந்து, வீட்டிலும் ஃபைவ் எஸ், இப்படி ஒருவர் போதும் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார். எழுதியவளுக்கு ஒன்றுமில்லை. அந்த ஹாட் பாக்ஸுக்கும் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில், அதே லைனில் வேலை செய்கிற பரசுராமன் அண்ணன் சும்மா இல்லாமல், இன்னா பொன்னுரங்கம், எங்க எடுத்தியோ அங்க வைன்றியே, பொண்ண மட்டும் எங்கப்பா வெச்சுட்ட என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. அப்பா வாலாஜாபாத் ரோட்டுப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார், வீடு வரும்வரை திருப்பவே இல்லை. மறுநாள் காலை உன் அறையைப் பெருக்கப் போகிறேன், உன் கட்டில் காலில் சிவப்பு அட்டை. பொருள், கட்டில். காரணம், உபயோகத்தில் இல்லை. இன்னாங்க இது என்று கேட்டேன். எடத்துல இல்லாத ஆளுக்கு எதுக்குடி எடம், ரூல்னா ரூல்தான் என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அட்டை கட்டிய சேதி மாடிக்கும் எட்டிவிட்டது. மாடி அறையில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள் இருக்கிறார்களே, அதில் வேல்விழி வந்து, யத்தே, அந்தக் கட்டிலு சும்மாத்தான கெடக்கு, குடுத்தியன்னா முதுகு வலிக்காமப் படுத்துக்கிடுவேம்லா என்றாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பெண், தரையில் பாய் போட்டுப் படுக்கிறாள், அவள் கேட்டதில் என்ன தப்பு? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, எடுத்துக்கோ என்று சொல்லவும் வரவில்லை, சொந்தக்காரி வருவாள், பொறு என்றேன். இந்த மாதம் முடிந்தால் கட்டில் மாடிக்குப் போய்விடும். இதையும் கதையாக்கிவிடலாம் என்று நாலு தடவை உட்கார்ந்து பார்த்தேன். லாரி சிரிப்பாகிறது, மஞ்சள் டேப் சிரிப்பாகிறது, கட்டில் மட்டும் ஆக மாட்டேன் என்கிறது. முதல் வரியிலேயே நீ குப்புறப் படுத்துத் தண்டலம் காலேஜ் பரீட்சைக்குப் படிக்கிறாய், அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. முன்பெல்லாம் புகார் சொல்லவாவது உன்னிடம் அரைமணி நேரம் பேசுவேன், இப்போது எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிடுவதால் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு ஃபோன் முடிந்துபோகிறது, நீ கொடுத்த யோசனையில் எனக்கு ஆன நஷ்டம் இது. இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம், நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், காகிதத்தை அப்படி ஓடவிட முடியாதல்லவா.

ஆகையால் நான் சொல்வது இதுதான். அட்டை கட்டிய சாமானைச் சொந்தக்காரர் நேரில் வந்து கேட்டால்தான் மீட்க முடியும், ஃபோனில் கேட்டால் செல்லாது என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார். நாலு நாளைக்காவது லீவு கேட்டுப் பார். உன் அறைத்தோழி குளியலறையை முடியால் அடைக்கிறாள் என்று அழுதாயே, சண்டைக்குப் போகாதே, எழுது, மூன்றாவது பக்கத்தில் நீயே அவளுக்குத் தலை பின்னிவிடுவாய். வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை.

வேளைக்குச் சோறும் விழுந்தால் தாங்க ஒரு கையும் உனக்கு என்றும் கிடைக்கட்டும். பார்சலில் இருக்கும் பருப்புப் பொடியை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா மஞ்சுளா

பி.கு.: எப்படியும் கட்டிலைக் கொடுக்கப் போகிறோமே, துவைத்துக் கொடுக்கலாம் என்று, நீ போகிற அன்று புதிதாக மாட்டிவிட்டுப் போன வெள்ளைத் தலையணை உறையை இப்போதுதான் கழற்றினேன். உறை முழுக்க அப்பா தலைக்கு அடிக்கிற கறுப்புச் சாயம்.