புவனாக்காவுக்குக் கிடைக்காத லீவு

என் அன்பான புவனாக்கா,

தூக்கமென்றால் எழும்ப வேண்டாம், படுத்தபடியே கேளுங்கள். வீட்டில் உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. நாளைக்கு வெள்ளவத்தை ஒஃபிஸில் நினைவுக் கூட்டமாம். உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘ஒருநாளும் லீவு எடுக்காதவர்’. எடுக்காதவரா, கேட்டும் கிடைக்காதவரா?

வெளியாட்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காக நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆமி பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளைக் காணவில்லையென்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தாய்மார் கொழும்புக்கு வந்து, லொட்ஜுகளில் தங்கி, எங்கள் படியேறுவார்கள். நான் கீழே அவர்களை இருத்தித் தண்ணீர் கொடுப்பேன். மேலே, தமிழ் தெரியாத வெள்ளைக்கார அதிகாரிக்கு அவர்கள் கதையை ஆங்கிலத்தில் சொல்வது நீங்கள். அதற்கொரு கட்டுப்பாடு இருந்தது. ‘இந்த அம்மா இப்படிச் சொல்கிறார்’ என்று தள்ளி நிற்கக்கூடாது. தாயின் இடத்தில் இருந்து, தாயாகவே சொல்ல வேண்டும். ‘என் மகனை வாசலில் வைத்துப் பிடித்தார்கள். நான் பின்னால் ஓடினேன்.’ காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் ஓடினீர்கள். கலியாணமே கட்டாத மனுஷி, ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தீர்கள்?

உங்களுக்கு ஊக்கம் குறைவென்று எவராவது சொன்னால் அந்த வாய் அழுகும். மழையோ சுற்றிவளைப்போ, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எல்லாருக்கும் முந்திக் கதிரையில் இருப்பீர்கள். “நான் சரியாச் சொன்னால் ஒரு பிள்ளையெண்டாலும் கிடைக்குமடி” என்பீர்கள். அந்த ஆசையைத்தான் ஒஃபிஸ்காரர் மோப்பம் பிடித்துவிட்டார்கள். சம்பளம் கொடுத்து வாங்க முடியாததை உங்களிடம் ஓசியில் வாங்கினார்கள்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடி ஞாபகமிருக்கிறதா? நாமிருவரும் வேலைக்கு வந்துகொண்டிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். ஆமிக்காரன் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று வழக்கம்போலச் சிங்களத்தில் கேட்டான். “கொஹெத யன்னே?”

நீங்கள் அவன் முகத்தைப் பார்த்து, “மகே புத்தாவ ஹொயன்ன” என்றீர்கள். என் மகனைத் தேட.

அந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெண் அப்படிச் சொல்வது வினையை விலைக்கு வாங்குவதுதானே! அவன் அட்டையைத் திருப்பித் தந்து, “யன்ன, அம்மே” என்றான், போங்கள் அம்மா என்று.

பஸ்ஸில் ஏறிய பிறகு, “என்னக்கா அவனுக்குச் சொன்னீங்கள்?” என்று கேட்டேன்.

“ஒஃபிசுக்குப் போறன் எண்டுதானே சொன்னனான்” என்றீர்கள். பகிடி இல்லை. அப்படித்தான் நம்பினீர்கள்.

அன்றைக்கே உங்களை இழுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனேன். “சேர், எனக்குக் களைச்சுப் போச்சு. ரெண்டு கிழமை லீவு வேணும்” என்றீர்கள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, கனிவாகத்தான் கதைத்தார். “புவனா, கீழ எத்தினை அம்மாமார் இருக்கினம் பாருங்கோ. நீங்கள் போனால் அதுகளுக்கு ஆர்?”

நீங்கள் திரும்பவும் உங்கள் கதிரைக்கே போனீர்கள். அதட்டியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். கனிவோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

லீவுக்குப் பதிலாக மோட்டிவேஷன் செமினார் வந்தது. ஹோட்டலில், மத்தியானச் சாப்பாட்டோடு. கோட் போட்ட ஒருவர் ஆளுக்கொரு பலூனைத் தந்து, மனப்பாரத்தையெல்லாம் அதற்குள் ஊதி, ஊசியால் குத்தி உடைக்கச் சொன்னார். குண்டு வெடிக்கிற கொழும்பில், தமிழ்ச் சனம் நிறைந்த அறைக்குள், பட் பட்டென்று! கணக்கெழுதுகிற பெட்டை மேசைக்கடியில் போய்ப் படுத்துவிட்டாள். நீங்கள் மட்டும் உடைக்காமல் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

“பச்சைப்பிள்ளையின்ர தலை மாதிரி இருக்கடி.”

உடைக்காதவர்களுக்கு மனத்தடை கூடுதலாம். அந்த மகராசன் சொன்னார்.

வேலையில் மனமில்லாதவனுக்கு ஊக்கம் கொடு, சரி. மனம் முழுவதையும் வேலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறவளுக்கு? ஒரு பாயும் தலையணையும் கொடுக்க வேண்டும் என்பது அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு ஏன் விளங்கவில்லை? செமினார் முடிந்த கையோடு ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது, சீப்பும் கையுமாக விழுந்தீர்கள். பிரஷர் தலைக்கடித்துவிட்டது என்றார் டொக்டர். அன்றைக்கும் கீழே தாய்மார் காத்திருந்தார்கள். உங்களை விசாரித்துவிட்டு அழுதார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அக்கா.

இப்போது உங்கள் கதிரையில் நான் இருக்கிறேன். இரவில் நானும் யார் யாருக்கோ பின்னால் ஓடுகிறேன். நேற்று டைரக்டர் கூப்பிட்டார். “சுகந்தி, வெளிநாட்டாக்களும் வருகினம். புவனாவின்ர அர்ப்பணிப்பைப் பற்றி நீங்கள்தான் இங்கிலிஷில கதைக்க வேணும். மற்றாக்களுக்கும் ஒரு ஊக்கமா இருக்கும்.”

“ஓம் சேர்” என்றேன்.

கதைப்பேன், அக்கா. கட்டுப்பாடென்றால் கட்டுப்பாடுதானே? தள்ளி நிற்கமாட்டேன். உங்கள் படத்துக்குக் கீழே, உங்கள் இடத்தில் நின்று, நீங்களாகவே சொல்லுவேன். ‘எனக்குக் களைத்துப் போய்விட்டது. எனக்கு இரண்டு கிழமை லீவு வேண்டும்.’ அவ்வளவுதான். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளுவேன். உங்கள்மேல் ஆணை.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுகந்தி