கொக்கு பேசிய ஆங்கிலம்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் வலிகூடப் போன வாரத்தோடு என்னை விட்டுவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிருக்கு அடக்கமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டாலும் தூங்குவதற்குள் சமாதானமாகி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து திரையில் தெரிந்தபோது நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சம்பந்தியம்மா ஆங்கிலத்தில் பேசியது எனக்குப் புரிந்தது. அதற்கு நீ சொன்ன பதிலும் புரிந்தது. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. மறுபடி போன் செய்து சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், அழுவாய், நான் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். கடிதமென்றால் நீ கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதிக் கடிதத்தில் பூனை என்ன ஆனது என்று கேட்பாய். பூனை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் செருப்பு அலமாரியில் குட்டி போட்டிருக்கிறது, எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வீட்டுக்குள் வைக்கிறோம், யாருக்கும் அதை விரட்ட மனசு வரவில்லை. கடையில் முதலாளி புது மெஷின் வாங்கியிருக்கிறார், கண்ணாடி வில்லையை வைத்தால் அதுவே அளவு பார்த்துச் சீவிக் கொடுத்துவிடுகிறது. அது வந்த அன்று அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், புது மருமகளை வேடிக்கை பார்க்கிற மாமனார் மாதிரி. இனி உங்களுக்கு வேலையே இல்லை என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியின் காலைத் திருகிக் கொடுக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். பழைய டிவி இன்னும் அதே மேஜைமேல்தான் இருக்கிறது, படம் வருவதில்லை, ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு அதன் முன்னால்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, உன் அப்பா இறந்த அடுத்த வருஷம் நாம் இந்த வீட்டுக்கு வந்தோம். எனக்கு இருபத்தாறு வயது, உனக்கு ஏழு. புதுப் பள்ளிக்கூடத்தில் எல்லாமே ஆங்கிலம், நீ வாயைத் திறக்கவில்லை. அங்கே திறக்காதது போகட்டும், வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை, சோறு வேண்டுமா என்றால் தலை ஆடும், தண்ணீர் வேண்டுமா என்றால் தலை ஆடும். முதலாளிதான் ஒருநாள் தன் பேரப்பிள்ளைகள் பார்த்துத் தள்ளிய கார்ட்டூன் பட சிடிகளை ஒரு பை நிறையக் கொடுத்தார், பிள்ளைக்கு ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்றார். பாதிக்கு மேல் கீறல் விழுந்தவை. கடைசிவரை தடங்கலில்லாமல் ஓடியது ஒன்றே ஒன்று, ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட நீர்நாய்க்குட்டி கடலைத் தேடிப் போகிற கதை. அதையே தேய்த்தோம். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை மறைக்கக் கடையிலிருந்து கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி ஒன்றைக் கொண்டுவந்து டிவியின் மேல் பசைத்தாளால் ஒட்டினேன். முதலில் காதால் கேட்க வேண்டும், பிறகு துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கற்ற வார்த்தையை அன்றைக்கே வீட்டில் எதன்மேலாவது பிரயோகிக்க வேண்டும். சட்டம் போட்டது நீதான், நான் வெறும் பிரஜை.

அந்தச் சட்டத்தால் இந்த வீட்டில் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மழையில் வழுக்கும் மாடிப்படிக்கு ட்ரெச்சரஸ் என்று பட்டம் கொடுத்தாய், நம்பிக் கால் வைத்தால் வாரிவிடும் என்பதால். பற்றாத அடுப்பு லைட்டர் கவர்ட், கோழை. கரப்பான்பூச்சியை நாம் அடித்ததே இல்லை, பேனிஷ்தான் செய்தோம், முறத்தில் ஏந்திப் போய் வாசலுக்கு வெளியே நாடு கடத்திவிட்டு வருவோம். ஆனால் ரசீதுக்கும் வாடகைக்கும் என்ன வார்த்தை என்று நம் இருவருக்கும் தெரியாது, நீர்நாய்க்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் செய்தோமே, யோசித்துப் பார்த்தால் அதுதான் பெரிய தப்பு, வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. நாம் ஆங்கிலத்தைக் கொக்கிடமிருந்து கற்றோம். நீர்நாய்க்குட்டியும் அதன் கூட்டாளிகளும் ஓடிக்கொண்டே பேசினார்கள், பாதி வார்த்தையை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத்தான் நமக்குக் கொடுத்தார்கள். கெட்டவனுக்கு அவசரமே கிடையாது. அணைக்கட்டின்மேல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ஆற்றையே ஆண்ட அந்தக் கிழட்டுக் கொக்கு ஒவ்வொரு சொல்லையும் பழத்தைத் தோலுரித்துக் கொடுப்பதுபோலக் கொடுக்கும், அவ்வளவு நிதானம், அவ்வளவு மரியாதை. விழுங்கப்போகிற மீனிடம்கூட, உங்களைச் சந்திப்பதில் எனக்கு எல்லையற்ற மகிழ்ச்சி, தயவுசெய்து சற்று அருகில் வாருங்கள் என்றுதான் பேசும். நல்லவர்கள் பேசியது நம் காதில் ஏறவேயில்லை. அதன் பலன், உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாத்ரூம் போக வேண்டுமென்று கேட்கத் தெரியாத பிள்ளை, பென்சிலை எடுத்த பையனைப் பார்த்து, அடிக்குரலில், நிறுத்தி நிறுத்தி, இந்த ராஜ்யத்தை விட்டு உன்னை என்றென்றைக்குமாக வெளியேற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறது. அவன் மதியம்வரை அழுதானாம். வீட்டில் யார் இப்படிப் பேசுவது என்று டீச்சர் கேட்டார். நீ மிகத் தெளிவாக, "கொக்கு" என்றாய்.

இதெல்லாம் உனக்கும் நினைவிருக்கும். நினைவில் இல்லாதது எது என்று சொல்கிறேன். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே வெள்ளம் வந்து நீர்நாயின் அம்மா போய்விடும். முதல் தடவை அந்த இடம் வந்தபோது நீ படத்தை நிறுத்தினாய். நான் தரையில் உட்கார்ந்து உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தாய், இடது காதுமடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "அந்த அம்மா கடைக்குப் போயிருக்கும்மா, கடைசில வந்துடும்" என்றாய். அத்தனை வாரத்தில் நீ கோர்வையாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். எனக்குப் புரிந்திருந்தது. கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளுகிறவள் நான், வெள்ளம் என்ன செய்யுமென்று தெரியாதா. கொக்கு அந்தக் குட்டியிடம் உன் தாய் இனி வரமாட்டாள் என்று சொன்னதும் அதன் நிதானத்தால் எனக்கு அப்படியே புரிந்தது. ஆனால் நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, "அப்படியா, என்ன வாங்கப் போயிருக்கு?" என்று கேட்டேன். நீ சொல்ல ஆரம்பித்தாய். என்னென்னவோ வாங்கினாள் அந்த அம்மா, உனக்கு மூச்சு முட்டியது. அன்றிலிருந்து தினமும் நீ எனக்குப் படத்தை விளக்கினாய், நான் தெரியாதவளாக இருந்தால்தான் உனக்குப் பேச்சு வரும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. படம் முடிகிறபோது கடற்கரை வரும், அம்மா வரமாட்டாள், வெறும் பாறைதான் இருக்கும். அந்தப் பாறைக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள் என்று நீ அடித்துச் சொன்னாய், எனக்குத் தெரியவில்லையே என்றேன், "மங்கலாத்தாம்மா இருக்கு. உன் கண்ணாடி சரியில்ல, கடையில சொல்லி மாத்திக்கோ" என்றாய். கண்ணாடிக் கடைக்காரியிடமே. நான் சிரித்ததும் நீயும் சிரித்தாய்.

நீ வளர்ந்து ஆங்கிலத்தில் எனக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டாய், நானும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்தத் துணியைக் கழற்றிவிட்டு வேறு படங்கள் பார்த்தேன், நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து வந்து மெதுவாகப் படித்தேன், கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் இந்த வில்லையில் தெளிவாகத் தெரிகிறதா அந்த வில்லையில் தெரிகிறதா என்று நானே கேட்கிறேன். உன்னிடம் மட்டும் பேசியதில்லை. நீ எனக்கு எடுத்துச் சொல்கிற அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சம்பந்தியம்மா சொன்னது இதுதான், சரியா என்று பார்த்துக்கொள். தப்பாக நினைத்துக்கொள்ளாதே, உன் அம்மா இவ்வளவு தூரம் வந்து, கல்யாணத்தன்றைக்கு யாரோடும் ஒரு வார்த்தை பேச முடியாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தால் பார்க்கிற எனக்குத்தான் மனசு கஷ்டப்படும், பேசாமல் அவர்கள் வீட்டிலிருந்தே திரையில் பார்க்கட்டுமே என்றார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் இல்லை, அதையும் பார்த்தேன். மாப்பிள்ளை என்னவோ சொல்ல வந்தார், நீ முந்திக்கொண்டாய். அம்மாவுக்கு நாலு பேர் இருக்கிற இடமே கூச்சம், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் முகம் ரொம்பக் களையா இருக்காம்மா, உன்ன மாதிரியேதான் நானும் இருக்கேனாம்" என்றாய். சம்பந்தியம்மா சொன்னது என்னைக் குத்தவில்லை வாலு, அவருக்கு என்னைத் தெரியாது. நீ சொன்னது குத்தியது. என்னைக் கூட்டிப்போய் நாலு பேர் முன்னால் நிறுத்த உனக்குக் கூச்சமோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், உன் கை இடது காதுமடலில் இருந்தது. அதே இழுப்பு. அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிற கை. அங்கே நான் தனியாக உட்கார்ந்து திருதிருவென்று விழிப்பேனோ என்று நீ பயந்திருக்கிறாய், அதை எனக்குத் தெரியாமல் நீயே விழுங்கிவிட்டாய். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையிடமாவது சொன்னாயா, இல்லையா.

ஏழு வயதில் நீ எனக்கு அப்படிச் சொன்னது எனக்கு மருந்தாக இருந்தது, அதை யார் கேட்டாலும் மறுக்கமாட்டேன். இப்போது எனக்கு அது வேண்டாம். வெள்ளம் வந்தால் வெள்ளம் வந்தது என்று சொல். நல்லதை எனக்கு வடித்துக் கொடுத்துவிட்டு அடியில் தங்கியதை நீ மட்டும் குடித்துக்கொண்டிருந்தால், நான் இங்கே களையான முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? உனக்கு நான் வர வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் கேட்கிறேன். வேண்டாமென்றால் காதைத் தொடாமல் சொல், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன், மனஸ்தாபம் இல்லை. வேண்டுமென்றால் எனக்குத் துணைக்கு ஆள் தேடாதே. எனக்குக் கூச்சம் உண்டு, அது ஆங்கிலத்தால் வந்ததில்லை, தமிழிலும் எனக்கு அதே கூச்சம்தான். ஓரமாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். யாராவது வந்து பேசினால் பேசுவேன்.

கண் கூசுகிறது என்று போன மாதம் சொன்னாயே, டாக்டரிடம் போனாயா, போகவில்லை என்று எனக்குத் தெரியும், போய் வா. ராத்திரி தலைக்குக் குளிக்காதே. மாப்பிள்ளையின் கண்ணாடி வலது பக்கம் சரிந்து மூக்கின் நுனிக்கு வருகிறது, அன்று பேச்சு முழுக்க அவர் அதைத் தூக்கிக்கொண்டே இருந்தார். கையால் வளைக்க வேண்டாம் என்று சொல், கால் உடைந்துபோகும், அதற்கு ஒரு சின்னத் திருப்புளியும் இரண்டு நிமிஷமும் போதும். நீங்கள் இருவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் திருத்தாமல் கேட்டுக்கொண்டு நெடுநாள் நன்றாக வாழ வேண்டும். பதில் போடு, போனில் சொல்லாதே, எழுது.

உன்னுடைய நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா

பின்குறிப்பு: இதை எழுதி உறைக்குள் போட்டு ஒட்டாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சம்பந்தியம்மாவை நானே போனில் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தது கொக்கின் குரல்தான், அதிலேயே ஆரம்பித்தேன், உங்களோடு பேசுவதில் எனக்கு எல்லையற்ற மகிழ்ச்சி என்றேன், அருகில் வாருங்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். யார் பேசுவது என்று அவர் கேட்டார், சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பேசியதெல்லாம் புரிந்ததா என்று கேட்டார், புரிந்தது என்றேன். மன்னிக்கச் சொன்னார், அதற்கு அவசியமில்லை என்றேன். நீ என் பெண், உன் பதில் வரும்வரை நான் எதுவும் முடிவு செய்யமாட்டேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர், அன்றைக்குப் போனை வைத்ததும் நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததைச் சொன்னார். அதன் பிறகு உன் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. சாயங்காலம் டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கே விமான நிலையத்துக்குச் சம்பந்தியம்மாவே வருகிறார்.