கமலாவின் மோட்டாரும் என் மோட்டாரும்

செவ்வாய். விடிந்ததிலிருந்து மழை.

கமலா காய்கறி வாங்க பாசாருக்குப் போன நேரம் பார்த்து அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். வெட்கம்தான். தலை நரைத்தவன், கிள்ளானில் கடை வைத்திருப்பவன், சொந்தப் பெண்டாட்டி மெஷினைத் திருட்டுத்தனமாக ஓட்டுகிறேன்.

கடையின் முன்பாதியில் அவள் பிளவுஸ், பின்பாதியில் நான் சீட் கவர். இருவர் மெஷினையும் ஓட்டுவது ஒரே மாதிரி சர்வோ மோட்டார். என்னுடையது பெடலைத் தொட்டாலே பாயும். அவளுடையது இப்போது ஒவ்வொரு தையலாக நடக்கிறது, மணமேடைக்குப் போகிற பெண் மாதிரி. பக்கத்துக் கடை சேவியர் உள்ளே எதையோ மாற்றிக் கொடுத்தது. ஃபேன் ரிப்பேர்க்காரன்.

"சேவியர், உன் கை தங்கம்லா" என்கிறாள். கட்டிக்கொண்ட நாளாக என் கையைப் பித்தளை என்றுகூடச் சொன்னதில்லை.

புதன். வெயில். வேன் சீட் பாதி முடிந்தது. கறுப்பு நூல் வாங்க வேண்டும்.

சேவியர் டீயோடு வந்தான். "அண்ணே, உங்களுதையும் பண்ணித் தரவா? கொஞ்ச நேர வேலதான்."

"வேணாம் எஞ்சினியர் சார். நமக்கு ஸ்பீடுதான் புடிக்கும்."

முன்பக்கத்திலிருந்து கமலா: "நேத்து வளைவுல ஓடிப்போச்சுன்னு மெஷின எட்டி ஒதச்சது யாருங்க?"

அவன் சிரித்தான். அவளும். ஒரே நேரத்தில். அதுதான் பிடிக்கவில்லை.

கழுத்து வளைவு தைக்கும்போது இப்போதெல்லாம் பாடுகிறாள். முன்பு மெஷினைத் திட்டுவாள். திட்டே தேவலை.

வியாழன். கமலா ஜரிகை வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனாள். ரயிலில். வர நேரமாகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவள் மோட்டாரைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன விளக்கு, எதிரே அதைப் பார்க்கிற கண். நடுவில் பெடலோடு ஏறி இறங்கும், சேவியர் வைத்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் துண்டு. ஒரு முனை கறுப்பு, போகப் போக வெளுப்பு. கறுப்பு மறைத்தால் நிற்கும், வெளிச்சம் கூடக் கூட வேகம். இவ்வளவுதானா தங்கக் கை!

பிஸ்கட் டப்பாவின் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடியை வெட்டி நானும் ஒன்று செய்தேன். கறுப்புக்கு கமலாவின் கண்மை. விரலால் இழுக்க இழுக்க அழகாக வெளுத்தது. என் மோட்டாரில் வைத்தேன். நடந்தது! சேவியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளி. மேகம். மழை இல்லை.

இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, லோரி சீட் கவரை ஓட்டிக் காட்டினேன்.

"ஐயோ, நீங்களாவே பண்ணீங்களா?" கமலா கண்ணை விரித்தாள். சேவியர் பக்கம் பார்க்கவே இல்லை. என்னைத்தான்.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். நிற்கவில்லை. மோட்டார் சூட்டில் மை இளகி வழிந்து, கறுப்பு முனையும் வெளுத்துவிட்டது. மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்சை எட்டினேன். சட்டைக் கை ஊசிக்கடியில் போய் சீட் கவரோடு சேர்த்துத் தைபட்டது. சேவியர் பிளக்கைப் பிடுங்கினான்.

சீட் கவர் வினைல்; அதில் தையலைப் பிரித்தால் ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் கமலா சட்டைக் கையை வெட்டினாள். மாலையில் லோரிக்காரர் வந்து, என் சட்டைத் துண்டும் சேர்ந்த சீட் கவரை எடுத்துக்கொண்டு போனார். தையல் நேராக இருக்கிறது என்றார்.