வெள்ளை நாடா கட்டிய மரங்கள்

பீடோர்
5.3.2023

அன்பு மருமகள் பிரமிளாவுக்கு,

மாமா சீனி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மங்களமும் ஏதோ இருக்கிறோம். பாரிட் புந்தாரில் நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் பேசலாமே என்பாய். மரப்பட்டறை ரம்பச் சத்தத்தில் என் காது போன கதை உனக்குத் தெரியும். நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, மங்களம் சிரிக்க, அது எனக்குத் தேவையா? மாதாமாதம் உன் ஆய்வுக்கூடத்துக்கு இலை அனுப்பத்தான் போகிறேன். அதோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டால் முடிந்தது.

நீ அனுப்பிய குப்பிகள் உடையாமல் வந்துசேர்ந்தன. எங்கள் மகன் ரூபன் நட்ட பம்பளிமாஸ் மரங்களில் பாதிக்குச் சிவப்பு நாடாவும் பாதிக்கு வெள்ளை நாடாவும் நீ கட்டிவிட்டுப் போனபடியே இருக்கின்றன. சிவப்புக்கு மருந்துக் குப்பி, வெள்ளைக்கு வெறும் தண்ணீர்க் குப்பி. அடிமரத்தில் துளை போட்டு ஊசியால் ஏற்ற வேண்டும். எல்லாம் புரிந்தது. கிராம்பையும் வெற்றிலையையும் மனிதர்கள் மெல்லுவார்கள், அதன் சாற்றை மரத்துக்கு ஊசி போடுவதை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

புரியாதது ஒன்றுதான். வெள்ளை நாடா மரங்கள் என்ன பாவம் செய்தன? எல்லாவற்றையும் உங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ரூபன் ஒன்றாகத்தானே நட்டான். இலை மஞ்சளடிப்பதும் எல்லாவற்றிலும்தான். பக்கத்து நிலத்துச் சீன முதலாளி, நம் தவுக்கே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அங்கிள், உங்க மரம் சாக்கிட் லா. என் மரத்துக்கும் அந்தச் சீக்கு வந்துரும்" என்று தினமும் புலம்புகிறார்.

மங்களம் பக்கத்தில் நின்று, "பிள்ள எப்ப வருதாம்? கேட்டு எழுதுங்க லா" என்கிறாள். நீ எப்போது வருகிறாய்? கேட்டுவிட்டேன்.

ஆசிகளுடன்,
மாமா சீனி


பாரிட் புந்தார்
19.3.2023

அன்புள்ள மாமாவுக்கு,

இலைகள் வாடாமல் வந்தன. ஈரத் துணியில் சுற்றி அனுப்பிய அத்தைக்கு என் நன்றி.

வெள்ளை நாடா மரங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை மாமா. இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. பட்டைக்கு உள்ளே, சாறு ஓடும் குழாயில் அது குடியிருக்கிறது. அதனால்தான் மேலே தெளிக்காமல் உள்ளே ஏற்றுகிறோம். இதுவரை யாரிடமும் இதற்குச் சரியான மருந்து கிடையாது. இங்கே தொட்டியில் வளரும் நோய்பிடித்த கன்றுகளுக்கு இந்தச் சாற்றை முழு அளவில் கொடுத்தோம். மஞ்சள் இல்லாத துளிர் வந்திருக்கிறது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் நிலத்தில் நிற்கும் மரத்திலும் வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். மருந்து பெறாத மரம் பக்கத்தில் இருந்தால்தான், பெற்ற மரம் மருந்தால் தேறியது என்று சொல்ல முடியும். தேறிவிட்டால் வெள்ளைக்கும் அடுத்த வருஷமே கொடுத்துவிடலாம். தயவுசெய்து எதையும் மாற்றிவிடாதீர்கள்.

வருஷக் கடைசிக்குள் பலன் தெரியாவிட்டால் எல்லா மரங்களையும் வெட்டத்தான் வேண்டும். தவுக்கே பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இங்கே அப்பா, தனேஸ்வரன் என்று ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். பள்ளியில் ஆசிரியராம். ரூபன் போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. மரங்களின் கதை தெரியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அந்த மரங்கள் நிற்கும்வரை எனக்கு அந்த வீடும் இருக்கிறது.

உங்கள் மருமகள்,
பிரமிளா


பீடோர்
11.6.2023

அன்பு பிரமிளா,

இந்த மாத இலைகளைப் பார். வெள்ளை நாடா மரத்திலும் பச்சைத் துளிர் விட்டிருக்கிறது. நான் சொன்னால் நம்பமாட்டாய் என்று மங்களத்தையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "ஆமா லா, பச்சையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடிமரத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள். சீனப் பெருநாளுக்குப் பழம் வெட்டி அனுப்பிவிடலாம் என்று தவுக்கேயிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மானத்தைக் காப்பாற்றிவிடு.

தனேஸ்வரன் விஷயம் படித்தேன். பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. கோபம் என்று நினைக்காதே.

மாமா சீனி


பாரிட் புந்தார்
8.10.2023

மாமாவுக்கு,

உண்மையைச் சொல்லுங்கள். வெள்ளை நாடா மரங்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?

நீங்கள் அனுப்பிய இலைகள் அத்தனையையும் மறுபடி சோதித்தேன். எல்லா மரத்திலும் மருந்து இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே அளவு, அதுவும் நான் கணக்குப் போட்டதில் பாதி. பாக்டீரியா சில மாதம் அடங்கியிருந்து இப்போது முன்னைவிட அதிகமாகிவிட்டது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. எங்கள் தலைவர் தாள்களைப் பார்த்துவிட்டு ஆய்வை மூடச் சொல்லிவிட்டார். மறுபடி தொடங்கவும் முடியாது, மரங்களின் வேர் போய்விட்டது.

ரூபனைக் கிடத்தியிருந்தபோது உங்களுக்காகவும் அத்தைக்காகவும் அழாமல் நின்றவள் நான். இன்று ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் அழுதேன். ஒன்றே ஒன்றுதானே கேட்டேன் மாமா, எதையும் மாற்றாதீர்கள் என்று. பாதி மரமாவது எனக்கு மிஞ்சியிருக்கும். ஏன் இப்படிச் செய்தீர்கள்?

பிரமிளா


பீடோர்
16.10.2023

அம்மா பிரமிளா,

ஆமாம், நான்தான் செய்தேன்.

முதல் நாள் நீ சொன்னபடிதான் தொடங்கினேன். சிவப்பு மரம் ஒன்றுக்கு மருந்து ஏற்றினேன். அடுத்தது வெள்ளை. தண்ணீர்க் குப்பியைக் கையில் எடுத்தேன், கை வரவில்லை. எஸ்டேட் கோயில் திருவிழாவில் பரிமாறி வளர்ந்தவன் நான். பந்தியில் ஓர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனவனை வேலையாட்களை மேய்க்கிற எங்கள் மண்டோர் கரண்டியைப் பிடுங்கிவிட்டு வெளியே அனுப்பிவிடுவார். குழம்பு குறைந்தால் வெந்நீர் ஊற்றிப் பெருக்குவோம். உட்கார்ந்தவனை வெறும் இலையோடு விடமாட்டோம். மருந்துக் குப்பி, தண்ணீர்க் குப்பி எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினேன். எல்லாருக்கும் சமமாக ஏற்றினேன். எல்லாம் அவன் நட்டது, எதை விடுவேன் சொல்?

நீ திட்டியதை மங்களத்திடம் படித்துக் காட்டினேன். "திட்டட்டும், அதுக்கு உரிமை இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். சிவப்பு மரங்களுக்கு முழு மருந்தும் போயிருந்தால் அவை பிழைத்திருக்குமா? சோறு வாயில் வைக்கும்போதெல்லாம் இது வந்து நிற்கிறது. இதற்கு மட்டும் பதில் எழுது.

மாமா சீனி


பாரிட் புந்தார்
3.12.2023

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வேலை அதிகம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பிழைத்திருக்காது. முழு மருந்து போயிருந்தாலும் இதே முடிவுதான். இங்கே தொட்டிக் கன்றுகளும் பட்டுப்போய்விட்டன. மருந்தில்தான் குறை, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நான் முன்பு கோபத்தில் எழுதியதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊசிக் குழாய்களைக் கழற்ற எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து தேவிஸ்ரீ வருவார். அதன்பின் மரங்களை வெட்டிவிடலாம். இனி இலை அனுப்பத் தேவையில்லை. அத்தை இரத்தக் கொதிப்பு மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்ததும் தனேஸ்வரன் வீட்டார் வருகிறார்கள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பிரமிளா


பீடோர்
7.1.2024

அம்மா பிரமிளா,

தேவிஸ்ரீ வந்தது. நல்ல பிள்ளை, மங்களம் கொடுத்த தோசையை வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டது. போகும்போது சும்மா கேட்டேன், "தொட்டியில வச்ச கன்னெல்லாம் எப்படிமா இருக்கு?" என்று. சத்தமாகப் பேசச் சொன்னதால் கத்தியே சொன்னது: "நல்லா இருக்கு அங்கிள், இடுப்பு உயரம் வந்துருச்சு லா. பிரமிளா அக்காதான் தினமும் தண்ணி ஊத்துறாங்க."

அந்தப் பிள்ளையைத் திட்டாதே. அதற்கு ஒன்றும் தெரியாது.

மங்களத்துக்கு மட்டும் உன் கடிதத்தை எழுதியபடியே படித்துக் காட்டினேன். மருந்தில்தான் குறை என்ற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள். அவளுக்கு அது அப்படியே இருக்கட்டும்.

அக்டோபரில் நீ திட்டி எழுதினாய். நெஞ்சு எரிந்தாலும், நம் வீட்டுப் பெண் திட்டுகிறாள் என்று இருந்தது. டிசம்பரில் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் பேசுவது போலப் பேசியிருக்கிறாய். அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் ரூபன் போய்விட்டான் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்காகப் பொய் சொன்னாய், அதில் உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று இயந்திரம் வந்து மரங்களை வேரோடு எடுத்துவிட்டது. அங்கேயே எரித்தோம். ஈர மரம், சரியாக எரியவில்லை, புகைந்துகொண்டே இருந்தது. தவுக்கேகூட வேலியோரம் வந்து நின்றார்.

தனேஸ்வரனுக்குச் சரி என்று சொல்லிவிடு. உனக்குச் சின்ன வயசு. பத்திரிகை அனுப்பாதே. அனுப்பினால் மங்களம் கட்டாயம் வருவாள், உன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், அது நல்ல காரியம் நடக்கிற இடத்தில் கூடாது. இந்த மார்ச்சில் ரூபன் திதிக்கும் நீ வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே அம்மா. இன்னும் ஒரு தடவை மாமா என்று எழுதிவிட்டாயென்றால், போ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சீனி