சத்து மாத்திரை

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "ம், இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கேட்கவில்லை.

உன் மகள் இனிமேல் சுண்டெலி இல்லை, பெயரை மாற்று. இந்த வருஷம் இங்கே படிக்கட்டும் என்று நீ கொண்டுவந்து விட்டபோது காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருந்தாள். இப்போது சீருடை இடுப்பில் ஏற மறுக்கிறது. சாயங்காலம் என் ஜெராக்ஸ் கடையில் வந்து உட்கார்ந்தால் வாய் ஓயாது. கல்லூரிப் பெண்கள் இவள் பேச்சைக் கேட்பதற்காகவே நகல் எடுக்க வருகிறார்கள்.

இன்னொரு நல்ல சேதி. அவளுக்கு ரத்தம் பார்த்தேன். எனக்கே இல்லாத அளவுக்கு இருக்கிறதாம்! அப்புறம் எதற்கடி அந்தச் சத்து மாத்திரை? தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். போன மாதமே நிறுத்திவிட்டேன். பீட்ரூட்டும் ஈரலும் செய்கிற வேலையை மாத்திரை செய்யுமா? குதித்துக்கொண்டு போனாள். நீயும் கொஞ்சம் சந்தோஷப்படு.

உன் அக்கா

ஆகஸ்ட் 13

அக்கா,

நேற்று உன் கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். நீ வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாய். அத்தான் இருமுவது கேட்டது, "அம்மாவா?" என்று அவள் ஓடிவருவது கேட்டது. மாத்திரையைத் திரும்பக் கொடு என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. "இவ பெரிய டாக்டரு!" என்று சிரித்தாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அது சத்து மாத்திரை இல்லை. எச்.ஐ.வி.க்கான மாத்திரை. எனக்கு இருக்கிறது, என்னிடமிருந்து அவளுக்கு வந்தது. சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டது நான்தான்.

அவள் அப்பா காமாலையில் போனார் என்று ஊருக்குச் சொன்னதையே உனக்கும் சொன்னேன். அவர் போன பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோதித்தார்கள். அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. அதனால்தான் அக்கா அவள் உன் கடையில் உட்கார்ந்து வாயடிக்கிறாள்.

நிறுத்தினால் கிருமி மறுபடி ஏறும், இதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். இதைப் படித்த கையோடு கொடு. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டு.

தட்டில் ஒட்டாது, எச்சிலில் ஒட்டாது, உன் பிள்ளைகள் பக்கத்தில் படுத்தால் ஒட்டாது. இருந்தாலும் வேண்டாம் என்று தோன்றினால் சொல், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் அவளிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதே. யாரால் வந்தது என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருஷமும் சத்து மாத்திரை.

கம்பெனியில் இன்று காலர் தைக்கும்போது விரலையும் சேர்த்துத் தைக்கப் பார்த்தேன். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வீட்டிலும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 18

தங்கச்சி,

கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே, என் கையாலேயே. முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அவள் குடித்த டம்ளரை அன்று தனியாக எடுத்து வைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே அம்மா, அப்பா, கைக்குழந்தை, வயசுப்பிள்ளை என்று குடும்பம் குடும்பமாக ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு டம்ளர் விஷயத்தைக் கேட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "டம்ளர் என்னம்மா பண்ணுச்சு?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து அதே டம்ளரில் நான் காபி குடித்தேன்.

கிருமி கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறதாம். மருந்து பழையபடி அடக்குகிறதா என்று அடுத்த சோதனையில்தான் தெரியும். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று கெடுதல் செய்துவிட்டேனே. என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? நான் அவ்வளவு அந்நியமா?

பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னுமா சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்கிறார். இவளோ, "ரத்தம்தான் நல்லா இருக்கே, திரும்ப எதுக்கு?" என்று என்னைக் குடைகிறாள். எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. நீ வந்து சொல். அவளை அனுப்புகிற பேச்சே கிடையாது. அதை இனி எழுதாதே.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அங்கே வந்து அவளிடம் நான் பேசும்போது கதவுக்கு வெளியே நீ நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். என்னதான் காதைத் தீட்டியிருந்தாலும் பாதிதான் கேட்டிருக்கும், மீதியை எழுதுகிறேன்.

முதலில், "செத்துப் போயிடுவேனா?" என்றாள். மாத்திரை போட்டால் எல்லோரையும் போல இருக்கலாம், படிக்கலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், ஒழுங்காக மருந்து எடுத்தால் பிள்ளைக்கு வராமலே பார்த்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் எனக்குச் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

கேட்டேவிட்டாள் அக்கா. "எனக்கு இருந்ததே அப்போ எனக்குத் தெரியாதும்மா. யாரும் சோதிக்கல. தெரிஞ்சிருந்தா மாத்திரை போட்டுத் தடுத்திருப்பேன்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், முடியவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, விடு. தெரியாம நடந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றாள். எனக்கு உயிர் வந்தது. கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். நகர்ந்துகொண்டாள்.

"ஆனா சத்து மாத்திரைன்னு சொன்னது தெரிஞ்சுதானம்மா? நான் அது நின்னதும் குதிச்சேன். பெரியம்மா என்னைப் பார்த்து சிரிச்சாங்க. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்."

நான் பயந்ததை அவள் மன்னித்துவிட்டாள். நான் நினைத்தே பார்க்காத இதை மன்னிக்கவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிட அவள் வராதது தலைவலியால் இல்லை, இதனால்தான். கிளம்பும்போது ஒன்று சொன்னாள்: "இனிமே என் மாத்திரையைப் பத்தி பெரியம்மாவுக்கு எழுதாத. எனக்கு எழுது."

அதனால் இந்த உறைக்குள் அவளுக்கும் ஒன்று இருக்கிறது. நீ பிரிக்காதே. உனக்குக் கை அரிக்கும், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், அவள் அப்பா போனதையும். பதில் போடுவாளா தெரியாது. இருப்புக் கொள்ளவில்லை, இதை இன்னும் தபாலில் போடவே இல்லை, அதற்குள் தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்கே எழுந்து ஓடுகிறேன்.

இன்னொன்று அக்கா. தினமும் மாத்திரை போட்டாளா என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவள் சொல்லட்டும்.

தங்கை